அளவு ஏன் மாறுகிறது? உற்பத்தி வரிசையில் அறிகுறியைக் கொண்டு மூலத்தைக் கண்டறியும் வழிமுறை

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ் என்று எந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்பவரானாலும், ஒரே இயந்திரம் ஒரே மூலப்பொருளில் செய்யும் இரண்டு துண்டுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை அறிவார். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இயந்திரம் பழையது, ஆள் கவனமாக இல்லை, மூலப்பொருள் சரியில்லை என்ற பொதுவான பதில்களே பெரும்பாலும் கிடைக்கின்றன. அவை உண்மையாகவே இருந்தாலும், அடுத்து எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதைச் சொல்வதில்லை. மாறுபாடு எந்த வடிவில் வெளிப்படுகிறதோ, அந்த வடிவம்தான் அதன் மூலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே, கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் வரிசையில் தெரிவது எதுவோ, அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் முதல் அறிகுறியை மட்டும் யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

இதற்குத் தேவையானது ஒன்றுதான். அளவுகளை, துண்டுகள் உற்பத்தியான வரிசையிலேயே, நேரம், இயந்திர எண், மூலப்பொருளின் லாட் (ஒரே தொகுதியாக வந்த சரக்கு) எண், அளந்தவர் ஆகிய விவரங்களோடு எழுதிவைக்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் கொட்டிக் கலந்த பிறகு எடுத்த ஐம்பது துண்டுகளை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அவற்றின் வரிசை தொலைந்துவிட்டதால் மூலத்தைத் தேடும் வழியும் அதோடு தொலைந்துவிடுகிறது.

அறிகுறி: ஒரே துண்டை மீண்டும் அளந்தால் வேறு எண் வருகிறது

அளவீட்டில் உள்ள மாறுபாட்டை உற்பத்தியின் மாறுபாடு என்று எடுத்துக்கொண்டால், அதன் பிறகு செய்யும் எல்லா வேலையும் வீண். எனவே பத்துத் துண்டுகளை எடுத்து எண்ணிட்டு, அளப்பவருக்கு எண் தெரியாதபடி வரிசையை மாற்றிக் கொடுத்து, இரண்டு மூன்று பேரை ஆளுக்கு இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். ஒரே ஆளின் எண்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், கருவியிலோ துண்டைப் பிடிக்கும் முறையிலோ கோளாறு இருக்கிறது. ஒவ்வொருவரின் எண்களும் தமக்குள் ஒத்துப்போய், ஆளுக்கு ஆள் வேறுபட்டால், அளக்கும் இடமோ மைக்ரோமீட்டரைத் திருகும் அழுத்தமோ வேறுபடுகிறது. வாகனத் தொழிலில் பின்பற்றப்படும் வழக்கப்படி, அளவீட்டுப் பரவல் மொத்தப் பரவலில் 10 சதவீதத்திற்குக் கீழ் இருந்தால் நல்லது. 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவீட்டை ஏற்கக்கூடாது.

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்வது பிற்பாடு பெரிதும் உதவும். மாறுபாட்டு மூலங்களின் திட்ட விலக்கங்களை (எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) அப்படியே கூட்டக்கூடாது. அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. மொத்தத் திட்ட விலக்கம் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அளவீட்டின் பங்கு 3 மைக்ரான் என்றால், உற்பத்தியின் உண்மையான பங்கு 2 மைக்ரான் அன்று. 25-இலிருந்து 9-ஐக் கழித்து வரும் 16-இன் வர்க்கமூலமாகிய 4 மைக்ரான்.

நம் ஊரில் வெப்பநிலையையும் இங்கேயே சரிபார்த்துவிட வேண்டும். நீள அளவுகளுக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரானும், அலுமினியம் ஏறத்தாழ 23 மைக்ரானும் விரிகின்றன. இயந்திரத்திலிருந்து 35 டிகிரி சூட்டோடு எடுத்த 200 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு, குளிரூட்டிய அளவீட்டு அறையில் 20 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 69 மைக்ரான் சுருங்கிவிடும். ஒருவர் உடனே அளக்கிறார், இன்னொருவர் தேநீர் குடித்துவிட்டு வந்து அளக்கிறார் என்றால், இருவருக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு இயந்திரம் பொறுப்பன்று.

அறிகுறி: ஒவ்வொரு முறை சரிசெய்தும் அளவு மேலும் கீழும் ஊசலாடுகிறது

நான் பார்த்தவரையில் இதுவே மிக அதிகமாகக் காணப்படுவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் அக்கறையுள்ள ஆள்தான். சிஎன்சி (கணினி இயக்கும்) லேத்தில் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு கடைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஷிஃப்டில் இருக்கும் இளைஞர் ஒரு தண்டை அளந்துவிட்டு, "அண்ணே, அஞ்சு மைக்ரான் கூட வந்திருக்கு, ஆஃப்செட் குறைச்சிடவா?" என்று கேட்கிறார். (ஆஃப்செட் என்பது வெட்டும் கருவியின் நிலைக்கு இயந்திரத்தில் கொடுக்கும் திருத்த அளவு.) அந்தக் கேள்விக்குச் சரியான பதில், அந்த ஒரு தண்டில் இல்லை; அதற்கு முன்னால் வந்த தண்டுகளில் இருக்கிறது.

எதையும் தொடாமல் ஓடவிட்டு, வரிசையாக அளந்த பத்துத் தண்டுகள், 20 மில்லிமீட்டரிலிருந்து மைக்ரான் கணக்கில் இப்படி விலகியிருந்தன என்று கொள்வோம்: 3, −2, 4, 1, −3, 2, 0, 5, −1, 1. இவற்றின் சராசரி 1. அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான வேறுபாடுகள் 5, 6, 3, 4, 5, 2, 5, 6, 2. அவற்றின் சராசரி 4.2. அந்த 4.2-ஐ, இவ்வகைக் கணக்கிற்கென வகுத்த 2.66 என்ற மாறிலியால் பெருக்கினால் ஏறத்தாழ 11.2 வருகிறது. சராசரியாகிய 1-இலிருந்து இருபுறமும் இவ்வளவு தள்ளியிருப்பவையே கட்டுப்பாட்டு எல்லைகள். ஆக, இந்த இயந்திரம் எந்தத் தனிக் காரணமும் இல்லாமலேயே −10 முதல் +12 வரை அலையக்கூடியது. (உண்மையான வேலையில் இருபது எண்களுக்குக் குறையாமல் எடுப்பது நல்லது; கணக்கின் போக்கைக் காட்டவே இங்கே பத்து.) அந்த +5 இந்த எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. அது செய்தியன்று, இயந்திரத்தின் இயல்பான அசைவு. தம்பியிடம், "தொடாதே, எழுதி மட்டும் வை" என்று சொல்ல வேண்டும்.

தொட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு துண்டின் விலகலையும் அடுத்த துண்டுக்கு முன் அதே அளவு எதிர்த்திசையில் திருத்திக்கொண்டே போனால், அடுத்த துண்டின் இயல்பான அசைவோடு முந்தைய துண்டின் அசைவும் சேர்ந்துகொள்கிறது. வர்க்கங்கள் கூடுவதால் திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.41 மடங்காகிறது. 500 கிராம் மசாலாத் தூள் பொட்டலமிடும் இயந்திரத்தின் திட்ட விலக்கம் 2 கிராம் என்றால், தொடாதபோது கிட்டத்தட்ட எல்லாப் பொட்டலங்களும் 494-க்கும் 506-க்கும் இடையே இருக்கும். ஒவ்வொரு பொட்டலத்திற்கும் திருகைத் திருப்பினால் அதே இயந்திரம் 491.5-க்கும் 508.5-க்கும் இடையே அலையும். தர மேலாண்மை நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு புனலின் வழியாகக் கோலிக்குண்டுகளைப் போட்டு, குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துப் புனலை நகர்த்தினால் குறி இன்னும் சிதறும் என்று காட்டியது இதையேதான்.

சந்தேகமிருந்தால் சோதிப்பது எளிது. ஆஃப்செட்டைப் பூட்டிவிட்டு முப்பது துண்டுகளை ஓடவிட்டு, திருத்தியபடி ஓட்டிய முப்பது துண்டுகளோடு ஒப்பிடுங்கள். பூட்டியபோது பரவல் குறைந்தால், மூலம் திருத்தும் பழக்கம்தான். தானாகவே அளந்து தானாகவே திருத்தும் இயந்திரங்களிலும் இதே கோளாறு வரும். அங்கே பார்க்க வேண்டியது, எவ்வளவு விலகிய பிறகு திருத்தம் தொடங்க வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள் என்பதை.

அறிகுறி: அளவு ஒரே திசையில் மெல்ல நகர்கிறது

எப்போது நிற்கிறது, எப்போது பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்ற இரண்டையும் கவனித்தால் போதும். காலையில் தொடங்கியதும் நகர்ந்து, ஒரு மணி நேரம் போல ஆனதும் நிலைத்துவிட்டால், சுழலும் அச்சான ஸ்பிண்டிலும் திருகுத்தண்டும் சூடேறுவதே காரணம். முதல் துண்டுக்கு முன் இயந்திரத்தை வெறுமையாகச் சுழலவிட்டுச் சூடேற்ற வேண்டும். நிற்காமல் நகர்ந்து, இன்சர்ட் (கருவியின் மாற்றக்கூடிய வெட்டுமுனை) மாற்றியதும் பழைய இடத்துக்குத் திரும்பினால், அது தேய்மானம்: வெளிவிட்டம் கடையும்போது அளவு கூடிக்கொண்டே போகும், துளையை உள்ளே கடையும்போது குறைந்துகொண்டே போகும். பொட்டலமிடும் இயந்திரத்தில் எடை மெல்லக் குறைந்து, ஹாப்பரை (தூள் கொட்டிவைக்கும் தொட்டி) நிரப்பியதும் ஏறினால், தூளின் உயரம் இறங்க இறங்க அதன் அடர்த்தி மாறுகிறது. ஹாப்பரின் மட்டத்தைச் சீராக வைக்க ஏற்பாடு செய்தால் நின்றுவிடும்.

தேய்மானத்தை ஈடுகட்ட இத்தனை துண்டுக்கு ஒருமுறை இவ்வளவு ஆஃப்செட் என்று முன்கூட்டியே கணக்கிட்டுத் திருத்துவது முறையானது. முந்தைய பகுதியில் கண்டித்த பழக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே திருத்தம், தெரிந்த ஒரு காரணத்தைப் பின்தொடர்கிறது.

அறிகுறி: ஒரு நேரத்தில் அளவு சட்டென்று தாண்டி, அங்கேயே தங்கிவிடுகிறது

தாண்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் எது மாறியது என்று பதிவேட்டில் தேட வேண்டும்: லாட், இன்சர்ட், பழுதுபார்ப்பு, செட்டிங், ஆள். தாண்டல் சிறியதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகவே, அளவுகளை வரிசையாகக் குறித்த கட்டுப்பாட்டு வரைபடத்தில், சராசரியைக் காட்டும் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் விழுந்தால் காரணம் தேடு என்ற விதியை அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தார் 1956-இல் வெளியிட்ட கையேட்டில் கொடுத்தார்கள். புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்ததும் அதே நிறுவனத்தில்தான்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தாண்டினால், ஆளைக் குறை சொல்வதற்கு முன் இரு ஷிஃப்டுகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா என்று அருகில் நின்று பாருங்கள். தமிழ், வங்காளம், சீனம், பர்மியம் என்று வெவ்வேறு மொழி பேசுவோர் ஒரே இயந்திரத்தை மாறி மாறி இயக்கும் கூடங்களில், ஆங்கிலத்தில் அச்சிட்டு மாட்டிய செட்டிங் தாளை ஒவ்வொருவரும் தமக்குப் புரிந்தபடி செயல்படுத்துகிறார்கள். "நன்றாக இறுக்கவும்" என்பது ஒருவர் கைக்கு ஒரு அளவு. அதற்குப் பதிலாக இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் குறடும், அழுத்தமானியின் முகத்தில் ஒட்டிய பச்சை நாடாவும், சரியான நிலையைக் காட்டும் ஒரு புகைப்படமும் இருந்தால் எந்த மொழியும் தேவைப்படாது. ஒரு ஷிஃப்டின் ஆட்களை ஒரு வாரம் மற்ற ஷிஃப்டுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் தெளிவாகும்: தாண்டல் ஆட்களோடு போனால் மூலம் வேலை முறையில், நேரத்தோடே தங்கினால் மூலம் இரவு பகல் சூழலில்.

அறிகுறி: வரைபடம் அளவுக்கு மீறி அமைதியாக இருக்கிறது, ஆனால் பெட்டியில் இரண்டு வகைத் துண்டுகள் தெரிகின்றன

எல்லாப் புள்ளிகளும் நடுக்கோட்டை ஒட்டியே ஓடினால் மகிழ்ச்சியடையத் தோன்றும். அதுவே ஓர் எச்சரிக்கை. எட்டுக் கேவிட்டி (வடிவக் குழி) கொண்ட மோல்டில் (அச்சில்) ஒரு பிளாஸ்டிக் மூடி வார்க்கப்படுகிறது என்று கொள்வோம். மணிக்கு ஒருமுறை ஒரு ஷாட்டை (ஒரே தடவையில் வார்த்தவற்றை) எடுத்து, எட்டு மூடிகளையும் அளந்து, சராசரியையும் வீச்சையும் (பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டை) குறிக்கிறார்கள். மூன்றாம் கேவிட்டி எப்போதும் பெரியது, ஏழாவது எப்போதும் சிறியது என்றால், அந்த நிலையான வேறுபாடு ஒவ்வொரு மணி நேரமும் வீச்சுக்குள் புகுந்துகொள்கிறது. கட்டுப்பாட்டு எல்லைகள் அந்த வீச்சிலிருந்து கணக்கிடப்படுவதால் அவை தேவைக்கு மேல் அகன்றுவிடுகின்றன. ஷாட்டுக்கு ஷாட் நடக்கும் உண்மையான மாற்றம் அவற்றுக்குள் ஒளிந்துகொள்கிறது.

மூடியைத் திருப்பிப் பார்த்தால், பல மோல்டுகளில் அடிப்பக்கத்தில் கேவிட்டி எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு பிரித்து, கேவிட்டிக்கு ஒரு கோடாக எட்டுக் கோடுகளை ஒரே தாளில் வரையுங்கள். எட்டுக் கோடுகளும் ஒன்றாக ஏறி இறங்கினால், மூலம் எல்லாவற்றுக்கும் பொதுவானது: உருகுவெப்பம், அழுத்திப் பிடிக்கும் நேரம், மூலப்பொருள் லாட். ஒரு கோடு மட்டும் தனித்துப் போனால், அந்தக் கேவிட்டியின் கேட்டையோ (பிளாஸ்டிக் நுழையும் வாய்), குளிர்நீர் வழியையோ பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் நான்கும் வெளியே இருக்கும் நான்கும் இரு கூட்டமாகப் பிரிந்தால், ரன்னரின் (கேவிட்டிகளுக்குப் பிளாஸ்டிக் ஓடும் வழி) சுவரை உரசிச் சூடேறிய பிளாஸ்டிக் ஒரு பக்கக் கேவிட்டிகளுக்கே அதிகம் போகிறது என்று ஐயுறலாம். கேவிட்டிகளுக்கு இடையிலான வேறுபாட்டை, மோல்டைப் பழுதுபார்க்கும் டூல் ரூமில்தான் சரிசெய்ய முடியும். இயந்திரத்தின் முன் நின்று எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. பல தலைகள் கொண்ட நிரப்பும் இயந்திரத்திற்கும், இரண்டு லேத்துகளின் துண்டுகள் ஒரே தட்டில் விழும் வரிசைக்கும் இதே முறைதான்.

அறிகுறி: காலையில் ஒரு விதம், பிற்பகலில் ஒரு விதம்

சிங்கப்பூரில் மழையில்லாத நாளில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 சதவீதத்திற்கு மேலிருந்து, பிற்பகலில் ஏறத்தாழ 60 சதவீதத்திற்கு இறங்குகிறது. குளிரூட்டாத கிடங்கில் திறந்து வைத்த மாவும் தூளும் இதற்கேற்ப ஈரத்தை வாங்கியும் விட்டும், ஓடும் தன்மையை மாற்றிக்கொள்கின்றன. ஆனால் காற்றில் உள்ள நீராவியின் மொத்த அளவு பகல் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. வெப்பம் ஏறுவதால் சதவீதம்தான் இறங்குகிறது. பிளாஸ்டிக் மணிகளை உலர்த்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். வெளிக்காற்றைச் சூடாக்கி ஊதுவது மட்டுமே செய்யும் சாதாரண டிரையர், பனிநிலை (காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரியை ஒட்டியிருக்கும் நம் ஊர்க் காற்றையே உள்ளே அனுப்புகிறது. ஈரம் உறிஞ்சும் டிரையர் அந்தப் பனிநிலையைச் சுழியத்துக்குக் கீழே 30, 40 டிகிரி வரை கொண்டுபோகிறது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் ஈரத்தால் உண்டாகும் வெள்ளிக் கோடுகள் விட்டுவிட்டு வருமானால், நேரத்தைவிட டிரையரின் பனிநிலையைத்தான் முதலில் குறிக்க வேண்டும்.

நைலான் துண்டுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வார்த்தவுடன் உலர்ந்திருக்கும் நைலான் 66, பாதி ஈரப்பதமுள்ள காற்றில் விட்டால் நாளடைவில் தன் எடையில் ஏறத்தாழ 2.5 சதவீத நீரை உறிஞ்சிப் பருக்கிறது. வார்த்த ஒரு மணி நேரத்தில் அளந்த துண்டையும், வார இறுதி கழித்துத் திங்களன்று அளந்த துண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தால், இல்லாத மாறுபாட்டை நாமே உண்டாக்குகிறோம். எத்தனை மணி நேரம் கழித்து அளப்பது என்பதை அளவுத்தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

ஈரமும் வெப்பமும் காரணமில்லை என்று தெரிந்தால், அழுத்தக் காற்றின் மானியைப் பாருங்கள். பக்கத்து வரிசை தொடங்கும் நேரத்தில் அழுத்தம் இறங்குவது பல கூடங்களில் நடப்பதே.

அறிகுறி: ஒரே துண்டின் இரண்டு இடங்களில் இரண்டு அளவுகள்

தண்டின் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருந்தால் காரணம், தண்டின் அச்சும் கருவியின் பாதையும் இணையாக இல்லாத பிழை அல்லது தண்டின் வளைவு. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி அளவு மாறினால் துண்டைப் பிடிக்கும் சக்கின் தாடை அழுத்துகிறது. இதைக் கண்டுபிடிக்க லியோனார்ட் சீடர் 1950-இல் முன்வைத்த வரைபடம் போதும்: துண்டுக்குள், அடுத்தடுத்த துண்டுகளுக்குள், நேரத்துக்கு நேரம் என்று மூன்று குடும்பங்களாக மாறுபாட்டைப் பிரித்து, எது பெரியதோ அதை மட்டும் துரத்த வேண்டும்.

பெரியதை மட்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று மூலங்களின் திட்ட விலக்கங்கள் 4, 2, 1 என்றால் மொத்தம் 4.58. மிகச் சிறியதை முழுவதும் ஒழித்தாலும் 4.47-க்குத்தான் இறங்கும், இரண்டாவதை முழுவதும் ஒழித்தால் 4.12. பெரியதைப் பாதியாக்கினாலே 3-க்கு வந்துவிடும். எளிதில் சரிசெய்யக்கூடியது என்பதற்காகச் சிறிய மூலத்தில் மாதக்கணக்கில் உழைக்கும் குழுக்களைப் பார்க்கும்போது, அந்த உழைப்பு வீணாகிறதே என்ற வருத்தம்தான் ஏற்படுகிறது.

அறிகுறி: வரைபடம் நிலையாக இருக்கிறது, ஆயினும் கழிவு குறையவில்லை

கட்டுப்பாட்டு எல்லை இயந்திரத்தின் குரல்; பொருளின் வடிவமைப்புப் படத்தில் கொடுத்த டாலரன்ஸ் (அனுமதித்த விலகல்) வாடிக்கையாளரின் தேவை. இரண்டும் ஒன்றல்ல. முன் சொன்ன தண்டின் திட்ட விலக்கம், 4.2-ஐ 1.128 என்ற மாறிலியால் வகுத்தால், ஏறத்தாழ 3.7 மைக்ரான். டாலரன்ஸ் ±15 என்றால் 30-ஐ ஆறு மடங்கு விலக்கமாகிய 22.4-ஆல் வகுக்க, இயந்திரத்தின் திறன் குறியீடாக 1.34 வருகிறது; பொதுவாகக் கேட்கப்படும் 1.33-ஐ அது எட்டிவிடுகிறது. டாலரன்ஸ் ±8 ஆனால் அதே இயந்திரத்தின் மதிப்பு 0.71. அப்போது லைனில் இருப்பவரைக் கண்டித்தும், கூடுதலாக ஆய்வாளர் வைத்தும் பயனில்லை. இயந்திரத்தையோ முறையையோ டாலரன்ஸையோ மாற்றுவது நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது.

அறிகுறி: அளவுகள் எல்லைக்குச் சற்று உள்ளேயே குவிகின்றன

டாலரன்ஸ் எல்லை +15 என்றிருக்க, +14-உம் +15-உம் நிறைய இருந்து, +16 ஒன்றுகூட இல்லை என்றால், எண்களை அழுத்திச் சரிக்கட்டுகிறார்கள் அல்லது மீறியவற்றை ஓசையின்றி ஒதுக்குகிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒரு தொழிலாளி, கெட்ட எண்ணை எழுதினால் திட்டு விழும் என்று அஞ்சினால், நல்ல எண்ணைத்தான் எழுதுவார். இந்த மூலத்தை நீக்குவது சூப்பர்வைசரின் பொறுப்பு: மீறிய அளவை எழுதிக் காட்டியவரை அந்தக் காரணத்திற்காகக் கண்டிக்கக்கூடாது, ஒதுக்கிய துண்டுகளும் தனித் தட்டில் எண்ணப்பட வேண்டும்.

அறிகுறி: சரிசெய்த பிறகும் சில நாள்களில் திரும்பி வருகிறது

கண்டுபிடித்தது காரணமா, தற்செயலாக உடன்வந்ததா என்று அறிய, திருத்தத்தை நீக்கிப் பாருங்கள். கோளாறு திரும்ப வேண்டும். மீண்டும் போட்டால் மறைய வேண்டும். பாகங்களைக் கழற்றி மாட்ட முடிந்தால், நல்ல இயந்திரத்தின் பாகத்தையும் கெட்டதன் பாகத்தையும் இடம் மாற்றுங்கள்; கோளாறு பாகத்தோடு போகிறதா, இயந்திரத்தோடு தங்குகிறதா என்று தெரிந்துவிடும். வாடிக்கையாளருக்குப் போகும் துண்டுகளோடு கலக்காதபடி இந்தச் சோதனைத் துண்டுகளுக்குச் சிவப்பு நாடா ஒட்டித் தனியே வையுங்கள். இரண்டு வழியிலும் உறுதியான பின்னரே பழைய கட்டுப்பாட்டு எல்லைகளை அடித்துவிட்டு, திருத்தத்துக்குப் பின் வந்த எண்களைக் கொண்டு புதிய எல்லைகளைக் கணக்கிட்டு, எந்தத் தேதியில் எதற்காக மாற்றப்பட்டன என்பதை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதி, அடுத்த ஷிஃப்டின் லைன் லீடரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.